விமானத் தூரமும் பயண நேரமும்: கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு

தொடர்புடைய பாடப்பகுதிகள்: கணிதம் – கதி, பைதகரசின் தேற்றம், திசைகோள், நேரம். புவியியல் – அகலாங்கு, நெட்டாங்கு, நேர வலயம்.



கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? பார்த்தால் இவை இரண்டும் சிறிய வினாக்கள். "நேரம் = தூரம் ÷ கதி" என்ற சமன்பாடு உங்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தச் சமன்பாட்டில் எண்களைப் போட்டு வரும் விடை, விமானக் கால அட்டவணையில் உள்ள நேரத்துடன் ஒருபோதும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போவதில்லை என்பதை விளங்கிக்கொண்டால் கதி என்ற பாடமே விளங்கிவிடும்.

நேரம் என்ற ஒரே சொல்லுக்குள் இங்கே மூன்று நேரங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, முழுக் கதியில் பறந்தால் எடுக்கும் நேரம். இரண்டாவது, விமானம் புறப்படும் இடத்தில் அசையத் தொடங்கியது முதல் மறுபக்கத்தில் போய் நிற்கும் வரையான நேரம். மூன்றாவது, இரண்டு ஊர்களின் கடிகாரங்கள் காட்டும் நேரம். வினாவில் எது கேட்கப்பட்டுள்ளது என்று பாராமல் கணக்கைத் தொடங்குபவர்களே புள்ளிகளை இழக்கிறார்கள். நமது தோட்டங்களில் இதனால் புள்ளி மட்டுமா போகிறது? வெளிநாட்டிலிருந்து வரும் அம்மாவைக் கூட்டிவரப் பிடித்த வேனின் காத்திருப்புக் கூலியும் போகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

தூரத்தைக் காண்போம்

இரு விமான நிலையங்களின் அமைவிடங்கள் (கிட்டிய கலைக்கு):

கட்டுநாயக்க: வடக்கு 7° 11′, கிழக்கு 79° 53′
சென்னை மீனம்பாக்கம்: வடக்கு 12° 59′, கிழக்கு 80° 10′

ஒரு பாகையில் 60 கலைகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கலையைக் குறிக்க ′ என்னும் அடையாளம் இடப்படும்.

இப்போது நெட்டாங்குகளைக் கவனியுங்கள். இரண்டுக்குமிடையே 17 கலை வித்தியாசம்தான் இருக்கிறது. அதாவது சென்னை, கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. தேசப்படத்தில் சென்னை எங்கோ வடமேற்கே இருப்பதாகப் பலர் நினைப்பதுண்டு. அட்டவணைப் புத்தகத்தை விரித்து ஓர் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரே நெடுங்கோட்டில் இரண்டையும் கட்டிவிட்டது போலிருக்கும்.

நேர் வடக்கே இருப்பதால் நமக்கு ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. வடக்குத் தெற்காகச் செல்லும்போது அகலாங்கில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல் ஆகும். கடல் மைல் என்ற அலகு பிறந்ததே இப்படித்தான். இன்றைய வரையறைப்படி ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. கப்பலோட்டிகளும் விமானிகளும் இன்றும் இந்த அலகையே பயன்படுத்துகிறார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் என்ற கதியை ஒரு "நொட்" என்பார்கள்.

அகலாங்கு வித்தியாசம் = 12° 59′ − 7° 11′ = 5° 48′
கலைகளில் = (5 × 60) + 48 = 348
எனவே வடக்கு நோக்கிய தூரம் = 348 கடல் மைல் = 348 × 1.852 ≈ 644.5 கி.மீ.

கிழக்கு நோக்கிய 17 கலைக்கு என்ன செய்வது? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நெடுங்கோடுகள் சமாந்தரமானவை அல்ல. அவை துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி வந்து, துருவத்தில் ஒன்று சேர்கின்றன. ஆகவே நெட்டாங்கில் ஒரு கலை மத்திய கோட்டில் மட்டுமே ஒரு கடல் மைல். வேறிடங்களில் அதை அந்த அகலாங்கின் கோசைன் பெறுமானத்தால் பெருக்க வேண்டும். நமது இரு இடங்களின் நடு அகலாங்கு ஏறத்தாழ 10°. கோசைன் 10° = 0.985.

கிழக்கு நோக்கிய தூரம் = 17 × 0.985 × 1.852 ≈ 31 கி.மீ.

இனி உங்களுக்குத் தெரிந்த செங்கோண முக்கோணிதான். 644.5 ஒரு பக்கம், 31 மறு பக்கம், செம்பக்கமே விமானத் தூரம்.

தூரம் = √(644.5² + 31²) ≈ 645 கி.மீ.

644.5 என்பது 645 ஆனதே தவிர, 31 கி.மீ. எங்கே போயிற்று என்று சிலர் திகைப்பார்கள். நீண்ட பக்கத்தோடு ஒப்பிட மிகச் சிறிய பக்கம் செம்பக்கத்தை அசைப்பதே இல்லை. செவ்வை பார்க்கும்போது இது உங்களுக்கு உதவும். 644.5ஐயும் 31ஐயும் கூட்டி 675.5 என்று எழுதியிருந்தால் அது பிழை என்று கண்ணுக்கே தெரியவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்த முறையில் பூமியின் ஒரு துண்டைத் தட்டையான தாளாகக் கொண்டிருக்கிறோம். அருகிலுள்ள ஊர்களுக்கு அது போதும். கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கு இதே முறையில் கணித்தால் ஏறக்குறைய 9200 கி.மீ. என்று வரும். உண்மையான மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 8700 கி.மீ. ஐந்நூறு கிலோமீற்றர் பிழை! தூர இடங்களுக்குப் பூகோள உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பாடசாலையில் உருண்டை இருந்தால் செய்து பாருங்கள். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிமட்டத்தால் கீறும் கோடும் உருண்டையில் நூல் செல்லும் பாதையும் வேறுவேறாக இருக்கும்.

இனி நேரம்

ஜெற் விமானம் ஒன்று மேலே ஏறி முழுக் கதியைப் பெற்றபின் மணிக்கு 800 கி.மீ. அளவில் பறக்கும்.

நேரம் = 645 ÷ 800 = 0.806 மணித்தியாலம்

இதை 80 நிமிடம் என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். தசமத்தை 60ஆல் பெருக்குங்கள்: 0.806 × 60 ≈ 48 நிமிடம். அதேபோல 1.25 மணித்தியாலம் என்பது 1 மணித்தியாலம் 15 நிமிடம். 25 நிமிடம் அல்ல.

ஆனால் விமானக் கால அட்டவணைகளில் இப்பயணத்துக்கு ஏறத்தாழ 1 மணித்தியாலம் 20 நிமிடம் முதல் 1 மணித்தியாலம் 30 நிமிடம் வரை ஒதுக்கப்படுவதுண்டு. 48 நிமிடம் எங்கே, 85 நிமிடம் எங்கே!

ஹட்டன் பஸ் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பஸ் எஞ்சினை இயக்கிப் பின்வாங்கித் திரும்பி, பிரதான வீதிக்கு ஏறும்வரை எத்தனை நிமிடம் போகிறது? விமானமும் அப்படித்தான். முனையத்திலிருந்து பின்தள்ளப்பட்டு, ஓடுபாதையின் தொடக்கம் வரை மெல்ல ஊர்ந்து, முறை வரும்வரை காத்திருக்கும். மேலேறும்போதும் இறங்கும்போதும் கதி குறைவு. போதாக்குறைக்கு, நாம் கீறிய நேர்கோட்டில் அது பறப்பதுமில்லை.

இதற்கு ஒரு காரணம் ஓடுபாதையின் திசை. கட்டுநாயக்க ஓடுபாதையின் இரு முனைகளிலும் 04 என்றும் 22 என்றும் இலக்கங்கள் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழத் திசைகோள் கிடைக்கும்: 040°, 220°. இரண்டுக்கும் வித்தியாசம் 180° என்பதைக் கவனித்தீர்களா? ஒரே பாதையின் எதிரெதிர்த் திசைகள் அல்லவா. சென்னையின் திசைகோளோ ஏறக்குறைய 003°. காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது, அதை எதிர்த்து 220° திசையில் விமானம் கடல் பக்கமாகக் கிளம்பும். சென்னைக்குப் போக வேண்டிய விமானம் முதலில் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஏறுகிறது! பிறகு வளைந்து திரும்ப வேண்டும். சென்னையில் இறங்கும்போதும் அங்குள்ள ஓடுபாதைக்கு நேராக வரச் சுற்ற வேண்டியிருக்கலாம்.

மாதிரி வினா 1

கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குச் செல்லும் ஒரு விமானத்தின் பயணம் வருமாறு எனக் கொள்க. முதல் 10 நிமிடங்கள் தரையில் ஊர்தல் (இத்தூரத்தைப் புறக்கணிக்க). அடுத்து 150 கி.மீ. தூரம் மணிக்கு 500 கி.மீ. கதியில் மேலேறுதல். அடுத்து 360 கி.மீ. தூரம் மணிக்கு 800 கி.மீ. கதியில் பறத்தல். பின் 170 கி.மீ. தூரம் மணிக்கு 425 கி.மீ. கதியில் இறங்குதல். இறுதியாகத் தரையில் 5 நிமிடங்கள். தூர–நேர வரைபைக் கீறி, முழுப் பயண நேரத்தைக் காண்க.

தீர்வு:
மேலேறும் நேரம் = 150 ÷ 500 = 0.3 மணி = 18 நிமிடம்
பறக்கும் நேரம் = 360 ÷ 800 = 0.45 மணி = 27 நிமிடம்
இறங்கும் நேரம் = 170 ÷ 425 = 0.4 மணி = 24 நிமிடம்
மொத்த நேரம் = 10 + 18 + 27 + 24 + 5 = 84 நிமிடம் = 1 மணித்தியாலம் 24 நிமிடம்

வரைபில் குறிக்கவேண்டிய புள்ளிகள் (நிமிடம், கி.மீ.): (0, 0), (10, 0), (28, 150), (55, 510), (79, 680), (84, 680).

கோட்டின் முதல் துண்டும் கடைசித் துண்டும் கிடையாக இருக்கும். நேரம் போகிறது, தூரம் கூடவில்லை என்பதே அதன் பொருள். நடுவிலுள்ள துண்டு மிகச் செங்குத்தானது. படித்திறன் கூடினால் கதி கூட என்று ஒரு வரி எழுதுவது நல்லது. நேர அச்சைக் கிடையாக எடுக்காமல் மாற்றிக் கீறினால் இந்த விளக்கம் எல்லாமே தலைகீழாகிவிடும், கவனம்.

பறந்த தூரம் 680 கி.மீ. என்பதையும் பாருங்கள். நாம் கணித்த 645ஐ விட 35 கி.மீ. கூட. அந்த வளைவுகளுக்கான தூரம்தான் அது. தூரம், இடப்பெயர்ச்சி என்ற இரண்டுக்கும் விஞ்ஞானப் பாடத்தில் வேறுபாடு கேட்டால் இந்த உதாரணத்தையே எழுதலாம். இடப்பெயர்ச்சி 645 கி.மீ. (திசைகோள் 003°), தூரம் 680 கி.மீ.

ஜெற் விமானங்களுக்கு ஓர் அண்ணளவான வழி சொல்லித் தருகிறேன். கிலோமீற்றரில் உள்ள தூரத்தை 800ஆல் வகுத்து, அரை மணித்தியாலம் கூட்டுங்கள். டுபாய்க்கு ஏறக்குறைய 3290 கி.மீ. இந்த வழியில் 4 மணித்தியாலம் 37 நிமிடம் வரும். அட்டவணை நேரத்துக்கு மிகக் கிட்டவே நிற்கும். இது பரீட்சையில் எழுதும் சமன்பாடு அல்ல. வந்த விடை சரியா என்று பார்ப்பதற்கு.

பலாலியிலிருந்து போனால்?

யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமாகி, 2020இல் நின்றுபோய், 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அச்சேவைக்குப் பயன்பட்டது ஏ.டி.ஆர். 72 என்னும் சுழலி விமானம். இறக்கைகளில் விசிறிபோன்ற சுழலிகள் தெரியும்.

பலாலியின் அகலாங்கு வடக்கு 9° 48′. அதுவும் சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே உள்ளது. ஆகவே கணக்கு ஒரே வரிதான்: 12° 59′ − 9° 48′ = 3° 11′ = 191 கலை; 191 × 1.852 ≈ 354 கி.மீ.

கட்டுநாயக்கவிலிருந்து உள்ள தூரத்தில் இது பாதியைவிடச் சற்றுக் கூட. நேரமும் பாதியளவு ஆகவேண்டும் அல்லவா? ஆகாது. இவ்வகை விமானத்தின் கதி மணிக்கு 500 கி.மீ. அளவே. 354 ÷ 500 = 0.708 மணி, அதாவது 42 நிமிடம். அங்கே 48, இங்கே 42. தரையில் ஊரும் நேரத்தையும் சேர்த்துவிட்டால் வித்தியாசம் இன்னும் கவனிக்க முடியாததாகும். தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்ற நேர்விகிதசமன், கதி மாறாதிருக்கும்போது மாத்திரமே உண்மை. இந்த நிபந்தனையை எழுதாத விடை முழுமையான விடை ஆகாது.

கடிகாரம் காட்டும் நேரம்

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இன்று நேர வித்தியாசம் இல்லை. இரண்டும் கிறீனிச் நேரத்தை விட 5 மணித்தியாலம் 30 நிமிடம் முந்தியவை. ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. மின்சார நெருக்கடியின்போது 1996 மே மாதம் நமது கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டன. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட பத்தாண்டு நாம் சென்னையை விட அரை மணித்தியாலம் முந்தியிருந்தோம். உங்கள் அக்கா, அண்ணாமார் படித்த பழைய நூல்களில் இலங்கை நேரம் "6 மணித்தியாலம் முந்தியது" என்று இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல. அதைப் பார்த்து இன்றைய விடையை எழுதினால்தான் பிழை.

நேர வித்தியாசத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பூமி 24 மணித்தியாலத்தில் 360° சுழல்கிறது. எனவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். இலங்கை, இந்திய நியம நேரத்துக்கான நெடுங்கோடு கிழக்கு 82° 30′. குவைத் நியம நேரத்துக்கானது கிழக்கு 45°.

வித்தியாசம் = 37.5°
நேரம் = 37.5 × 4 = 150 நிமிடம் = 2 மணித்தியாலம் 30 நிமிடம்

குவைத் நமக்கு மேற்கே உள்ளது. சூரியன் அங்கே பிந்தி உதிக்கிறது. ஆகவே குவைத் நேரம் நமது நேரத்தை விட 2½ மணித்தியாலம் பிந்தியது. "கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி."

இதோடு இன்னொன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விமானச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் நாட்டின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் நாட்டின் நேரம்.

மாதிரி வினா 2

ஒரு மாணவியின் தாய் குவைத்தில் வேலை செய்து நாடு திரும்புகிறார். விமானம் 14ஆம் திகதி புதன்கிழமை குவைத் நேரம் 20:15க்குப் புறப்படுகிறது. பயண நேரம் 5 மணித்தியாலம் 15 நிமிடம். (அ) கட்டுநாயக்கவில் எத்திகதியில், எத்தனை மணிக்கு இறங்கும்? (ஆ) இறங்கி ஒரு மணித்தியாலத்தில் அவர் வெளியே வருவார். ஹட்டனிலிருந்து விமான நிலையத்துக்கு வேனில் 4½ மணித்தியாலம் எடுக்கும். அவர் வெளியே வரும் நேரத்துக்கு வேன் அங்கே நிற்பதற்கு ஹட்டனில் எப்போது புறப்பட வேண்டும்?

தீர்வு (அ):
புறப்படும்போது இலங்கை நேரம் = 20:15 + 2:30 = 22:45 (புதன்)
இறங்கும் நேரம் = 22:45 + 5:15 = 28:00
24ஐக் கழிக்க = 04:00, 15ஆம் திகதி வியாழக்கிழமை

முதலில் நம் நாட்டு நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கூட்டுங்கள். இரண்டு நாட்டு நேரங்களையும் கலந்து நடுவில் கூட்டிக் கழிப்பவர்களுக்குத்தான் திகதி குழம்பும்.

(ஆ) வெளியே வரும் நேரம் = 05:00
வேன் புறப்பட வேண்டியது = 05:00 − 4:30 = 00:30, வியாழக்கிழமை.

00:30 வியாழன் என்றால் பேச்சுவழக்கில் "புதன் இரவு பன்னிரண்டரை". நேர வித்தியாசத்தை மறந்து 20:15உடன் 5:15ஐக் கூட்டியவருக்கு இறங்கும் நேரம் 01:30 என்று வந்திருக்கும். அவருடைய வேன் புதன் இரவு 10 மணிக்கே கிளம்பி, கட்டுநாயக்கவில் இரண்டரை மணித்தியாலம் வீணாக நிற்கும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. அனுப்பப் போகும்போது நடப்பது. சீட்டில் "15ஆம் திகதி, 00:15" என்று இருக்கிறது. 15ஆம் திகதி பகல் முழுவதும் வீட்டில் இருந்து, எல்லாருக்கும் பயணம் சொல்லி, மாலையில் புறப்பட்டு இரவு விமான நிலையம் போனால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். 00:15 என்பது 15ஆம் திகதி பிறந்து பதினைந்தாவது நிமிடம். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும் என்றால் 14ஆம் திகதி 21:15. ஹட்டனில் புறப்பட வேண்டியது 14ஆம் திகதி மாலை 4:45. முகவரிடம் பணம் கட்டி, மருத்துவப் பரிசோதனைக்கு அலைந்து, கடைசியில் இந்தக் கணக்கில் பயணத்தைத் தவறவிடுவது எவ்வளவு கொடுமை! வீட்டில் சீட்டு வந்தால் முதலில் நீங்கள் வாங்கிப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது நீங்கள் படித்த பாடம்தான்.

தோட்டத்திலிருந்து சென்னை வரை

இப்போது முழுப் பயணத்தையும் ஒரே கணக்காகப் போடுவோம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு 72 கி.மீ. எனவும், அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு 60 கி.மீ. எனவும் கொள்வோம். மலைப்பாதையில் வேனின் கதி மணிக்கு 24 கி.மீ., சமதரையில் மணிக்கு 40 கி.மீ.

மலைப்பாதைக்கு 72 ÷ 24 = 3 மணித்தியாலம்
சமதரைக்கு 60 ÷ 40 = 1½ மணித்தியாலம்
சராசரிக் கதி = 132 ÷ 4½ ≈ மணிக்கு 29.3 கி.மீ.

(24 + 40) ÷ 2 = 32 என்று எழுதினால் புள்ளி இல்லை. சராசரிக் கதி என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது. மெதுவாகச் சென்ற பகுதியில்தான் அதிக நேரம் போகிறது. அதனால் சராசரி மெதுவான பக்கமாகச் சாயும்.

வீதியில் 4½ மணித்தியாலம், விமான நிலையத்தில் 3 மணித்தியாலம், விமானத்தில் 1½ மணித்தியாலம், சென்னையில் வெளியே வர 1 மணித்தியாலம். மொத்தம் 10 மணித்தியாலம். தூரம் 132 + 645 = 777 கி.மீ. சராசரிக் கதி மணிக்கு 77.7 கி.மீ.! மணிக்கு 800 கி.மீ. கதியில் பறக்கும் வாகனத்தில் ஏறியவரின் முழுப் பயணத்துக்கு, அதிவேகப் பாதையில் போகும் காரின் கதிகூட வரவில்லை. விமானத்தின் கதியை மணிக்கு 100 கி.மீ. கூட்டினாலும் மிச்சமாவது சில நிமிடங்களே. ஹட்டன் வீதியில் மண்சரிவு இல்லாத ஒரு நாள் அதைவிட அதிகம் மிச்சப்படுத்தித் தரும்.

நமது பாட்டன், பூட்டன்மாரின் கணக்கு வேறு. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் தலைமன்னார் துறைக்கு, காலையில் கப்பலில் பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடிக்கு, அங்கிருந்து மீண்டும் ரயிலில் சென்னை நோக்கி. 1914இல் தொடங்கிய இந்த ரயில்–கப்பல் இணைப்பில் கடல் வழி ஏறக்குறைய 35 கி.மீ. மாத்திரமே. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அனுப்பப்பட்ட மலையக மக்களில் பெருந்தொகையினர் தலைமன்னார் வழியாகவே போனார்கள். இந்தியாவின் கரை இருந்தது அவ்வளவு கிட்டத்தில். அதே குடும்பங்கள் பின்னர் பல காலம் ஒரு கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போய்வர விமானத்தைத்தான் நம்பவேண்டியிருந்தது.

பயிற்சி

1. கட்டுநாயக்கவிலிருந்து 18:30க்குப் புறப்படும் விமானம் 4 மணித்தியாலம் 35 நிமிடத்தில் டுபாயை அடைகிறது. டுபாய் நியம நேரம் கிறீனிச்சை விட 4 மணித்தியாலம் முந்தியது. இறங்கும்போது டுபாய்க் கடிகாரம் காட்டும் நேரம் என்ன?

2. 1998இல் ஒரு விமானம் இலங்கை நேரம் 10:00க்குப் புறப்பட்டு 1½ மணித்தியாலத்தில் சென்னையை அடைந்தது எனின், சென்னை நேரம் என்ன? 2008இல் எனின்?

3. எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை 1947 டிசம்பர் 10ஆம் திகதி டகோட்டா விமானம் ஒன்றில் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குச் சென்றது. இரத்மலானை–பலாலி 332 கி.மீ., பலாலி–சென்னை 354 கி.மீ., கதி மணிக்கு 300 கி.மீ., இடையில் தரிப்பு 45 நிமிடம் எனக் கொண்டு மொத்த நேரத்தைக் காண்க.

4. சென்னையின் ஓர் ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும், இன்னோர் ஓடுபாதையின் ஒரு முனையில் 12 என்றும் எழுதப்பட்டுள்ளது. மறு முனைகளின் இலக்கங்கள் யாவை?

5. ஒரு விமானம் 4140 கி.மீ. தூரத்திலுள்ள குவைத்துக்கு எதிர்க்காற்றில் மணிக்கு 770 கி.மீ. கதியில் சென்று, பின்காற்றில் மணிக்கு 890 கி.மீ. கதியில் திரும்புகிறது. முழுப் பயணத்தின் சராசரிக் கதி 830ஐ விடக் கூடவா, குறைவா?

விடைகள்

1. 18:30 + 4:35 = 23:05 இலங்கை நேரம். டுபாய் 1½ மணித்தியாலம் பிந்தியது. எனவே 21:35.

2. 1998இல் 11:00; 2008இல் 11:30.

3. 686 ÷ 300 = 2.287 மணி ≈ 2 மணித்தியாலம் 17 நிமிடம். தரிப்புடன் 3 மணித்தியாலம் 2 நிமிடம்.

4. 25, 30. (070° + 180° = 250°; 120° + 180° = 300°)

5. போகும் நேரம் 4140 ÷ 770 ≈ 5.377 மணி, வரும் நேரம் 4140 ÷ 890 ≈ 4.652 மணி. மொத்தம் 10.029 மணி. சராசரிக் கதி = 8280 ÷ 10.029 ≈ மணிக்கு 825.6 கி.மீ. எனவே குறைவு. எதிர்க்காற்றில் விமானம் நின்று பிடித்த நேரமே கூட. வேனுக்கு மலைப்பாதை எப்படியோ விமானத்துக்கு எதிர்க்காற்று அப்படி.